‘நாங்க’ என்றாள் கேஷியர்

“இது துண்டா, தரை துடைக்கற துணியா?” என்று கேட்டபடியே ஊசி வராந்தாக் கொடியில் கிடந்த ஈரத்துண்டை உதறினாள். மணல் அவள் முகத்திலேயே வந்து விழுந்தது. அதற்கும் சேர்த்து இன்னொரு திட்டு. துண்டுக்குச் சொந்தக்காரியான தோழி கேஷியர் இரண்டடி தள்ளி, கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் படகு. தீவில் இனி மிச்சம் இருந்தது மூட்டை கட்டுகிற வேலை மட்டும்தான்.

ஊசிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பவள் என்பதால் அந்தப் பெயர். நாக்குக்கும் பொருந்திப்போனதால் நிலைத்துவிட்டது. மனிதர்களை அவள் முகத்தைப் பார்த்துப் பழகுவதில்லை, முழங்கையின் உள்பக்கத்தைப் பார்த்துத்தான். இந்த அறைக்கு வந்த அன்று சாவி நீட்டிய வீட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்து, “அடேயப்பா, என்னா நரம்பு! கண்ண மூடிக்கிட்டே எடுக்கலாம்” என்றாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு சாவியை மேஜை மேல்தான் வைத்தார்.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் அல்ல, அதற்கும் ஓரடி முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஃபேன் சத்தம் போட்டால் கோபம், போடாமல் நின்றால் அதைவிடக் கோபம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதுகில் பையை மாட்டிக்கொண்டு தீவு சுற்றலாம் என்று கல்லூரி விடுதியிலிருந்தே பேசிக்கொண்டிருந்த மூன்று பேரில் மற்ற இருவரை, கேஷியரையும் டீச்சரையும், குடும்பம், வேலை, மாமியார் காய்ச்சல் எல்லாவற்றிலிருந்தும் பிய்த்து இழுத்து வந்தவள் அவள்தான். காலையில் எழுப்பியதும் தண்ணீர் பிடித்து வந்ததும் அவள்தான். எதையும் திட்டாமல் செய்யத் தெரியாது, அவ்வளவுதான்.

பை அடுக்குவதில் அவளுக்குத் தனி கர்வம். சட்டைகளை மடிக்க மாட்டாள், சுருட்டுவாள். “மடிக்கறவங்களுக்கு மூளையும் மடிஞ்சிருக்கும்” என்பாள். மற்ற இருவரின் பைகளையும் முடித்துவிட்டுத் தன் பையை இழுத்தபோதுதான் கேஷியர் சொன்னாள்:

“ஊசி, வீட்டுக்காரம்மா நம்பர எனக்கு அனுப்பிடுடி. அடுத்த வருஷம் நாங்க வரும்போது இதே ரூம எடுத்துக்கறோம்.”

சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“நாங்கன்னா?”

“வாய் தவறி வந்திருக்கும்டி. நாமன்னு சொல்ல வந்தா,” என்றாள் டீச்சர். பாவம், தமிழ் டீச்சர் அவள். ‘நாம்’ எங்கே, ‘நாங்கள்’ எங்கே என்று வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்துகிறவள். ‘நாங்கள்’ என்றால் எதிரில் நிற்பவர் அதில் சேர்த்தி இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? சொல்லும்போதே குரல் இறங்கிப்போயிற்று.

கேஷியர் எழுந்து உட்கார்ந்தாள். “எதுக்குடி பூசி மெழுகணும்? ஆமா, நாங்கதான். நானும் டீச்சரும். ஒன்கூட வந்தா லீவுல வந்த மாதிரியா இருக்கு? டூட்டில இருக்கற மாதிரி இருக்கு. எந்திரி, குளி, தொப்பியப் போடு, தண்ணியக் குடி. கடலப் பாக்கக்கூட ஒன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்.”

ஊசி டீச்சரைப் பார்த்தாள். “நீ சொல்லு.”

டீச்சர் தன் செருப்பைப் பார்த்தாள். “கொஞ்சம் மெதுவா சொல்லலாமேன்னு…”

வசவு கூட ஊசிக்கு உறைத்திருக்காது. வாங்கிக்கட்டிக்கொள்வது வேலையிடத்தில் பழக்கம். ஆனால் இதை இருவரும் எப்போது பேசி முடிவு செய்தார்கள்? தான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்திலாகத்தான் இருக்கும்.

“பாறை கிழிச்சு ரத்தம் கொட்டினப்போ கால்ல கட்டுப் போட்டது யாருடி? ஒன் கடலா வந்து போட்டுச்சு?” என்று கத்தினாள். “இந்த டீச்சருக்குக் காய்ச்சல்னு நான் தூங்காம ஒக்காந்திருந்தேனே, அதுவும் டூட்டியா? டூட்டின்னா இத்தன வருஷம் ஏண்டி வாயத் தொறக்கல?”

ஊசி கேஷியரின் பையைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். டீச்சரின் பையையும். சுருள் சுருளாகச் சட்டைகள் வராந்தா முழுக்க உருண்டன.

“நீங்களே கட்டிக்கங்க. மெதுவா, லீவுல இருக்கற மாதிரி கட்டுங்க.”

படகுத்துறைக்கு மூவரும் நடந்தார்கள், ஊசி பத்தடி பின்னால். டீச்சரின் பையிலிருந்து ஒரு சட்டைக்கை வெளியே தொங்கி ஆடிக்கொண்டே வந்தது. அதை உள்ளே தள்ள ஊசிக்குக் கை துடித்தது. பையின் வாரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

படகுக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி, “எத்தன பேரு?” என்றார்.

இந்தப் பயணம் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் ஊசி. இப்போது வாயைத் திறக்கவில்லை. படகுக்காரர் திரும்பவும் கேட்டார்.

“நாங்க மூணு பேருண்ணே,” என்றாள் கேஷியர், ஊசியின் பக்கம் பார்க்காமல்.

இந்த ‘நாங்க’வில் ஊசியும் இருந்தாள். டீச்சர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஊசி இருவரையும் தாண்டி முன்னால் போய், படகுக்காரரின் முகத்துக்கு நேரே ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள்.