அண்ணாவின் பின்தலை

தலைமுடி நடும் சிகிச்சையை ஒருவர் எத்தனை தடவை செய்துகொள்ளலாம் என்ற கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெகுகாலம் இருந்தது. கேள்வி அண்ணாவுடையது, கவலை அம்மாவுடையது. நான் அப்போது ஆக்லாந்தில் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். என் தலையில் முடி தேவைக்கு மேலேயே இருந்ததால் அந்த மேசையில் எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

முதல் தடவை அண்ணா சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தான். நெற்றியோரம் நிரம்பியது; ஆனால் கலியாணப் பேச்சு தொடங்கிய வேளையில் உச்சியில் முடி கொட்டி வெளுத்தது. இரண்டாவது தடவை இங்கேயே, பக்குரங்காவில் ஒரு கிளினிக்கில். பின்தலையிலிருந்து வேரோடு எடுத்த முடிகளை ஒவ்வொன்றாக உச்சியில் ஊன்றியிருந்தார்கள். அவை பிடிக்கும் வரை தலையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்கள். இருமிக் குலுங்கினால் வேர் கழன்றுவிடும் என்பது அம்மா தாமாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்கள் வீட்டில் மிளகாய் வறுப்பது நின்றது. தூள் தீர்ந்தபின் கறிகள் வெளிறிப்போய் மேசைக்கு வந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

எனக்குச் சிறு வயதிலிருந்தே மிளகாய் நெடி ஆகாது, மூச்சு இழுக்கும். என் பரீட்சைக் காலங்களிலும் அம்மா வறுத்துக்கொண்டுதான் இருந்தார். "யன்னலைத் திறந்து விடு பிள்ளை" என்பதே எனக்குக் கிடைத்த சலுகை.

காலையில் அண்ணாவைச் சாய்நாற்காலியில் இருத்தி, குழந்தைகளின் ஷாம்பூவை நுரைத்து, கிண்ணத்தால் மெல்ல ஊற்றுவார் அம்மா. விரல் நுனிகள் பட்டும் படாமலும் நகரும்.

"நோகுதோ தம்பி?"

"இல்லையம்மா."

"இந்தப் பக்கம் முளை விட்டிட்டுது போல கிடக்கு."

"அது நுரை அம்மா."

நான் புத்தகத்தோடு நடைவழியில் நின்று பார்ப்பேன். உயர்பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலையில், "இனி நீயே பின்னு" என்று சீப்பை என் கையில் தந்தவர் அவர். அதுவரை அவர் பின்னியதும் அவசரத்தில்தான். தலை பின்னால் இழுபடும். அந்த விரல்களுக்கு இவ்வளவு மென்மை தெரியும் என்பதை அண்ணாவின் தலையில்தான் முதலில் கண்டேன். முப்பதை நெருங்கும் ஒருவனின் வழுக்கைமீது ஒருத்தி பொறாமைப்படுவது விநோதம்தான். ஆனால் அதைவிடச் சரியான சொல் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

அடுத்த ஆண்டு, விருந்தொன்றில் எடுத்த படத்தில் அண்ணாவின் உச்சி விளக்கொளியில் பளிச்சிட்டது. மூன்றாவது தடவை செய்யலாமா என்று கேட்கக் கிளினிக்குக்குப் போனபோது அம்மா என்னையும் கூப்பிட்டார்.

"இவன் எல்லாத்தையும் 'ஓகேயாம்' எண்டு முடிச்சிடுவான். நீயெண்டால் ஒரு சொல்லும் விடாமல் சொல்லுவாய்."

நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மருத்துவர் உருப்பெருக்கியால் அண்ணாவின் பின்தலையை நெடுநேரம் ஆராய்ந்தார். இத்தனை தடவைதான் என்று விதி கிடையாது என்றார். எடுத்த இடத்தில் அந்த முடி மறுபடி முளைக்காது. எனவே பின்தலையில் இருப்பு உள்ளவரை செய்யலாம். பலருக்கு இரண்டு தடவை, சிலருக்கு மூன்று. அண்ணாவுக்கு இன்னுமொரு சிறிய அமர்வுக்குத்தான் மிச்சமிருந்தது. உச்சி முழுவதையும் மூட அது போதாது. இதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன்.

அம்மா அண்ணாவின் உச்சியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் பின்னலைத் தூக்கி மருத்துவரிடம் நீட்டியபடி அண்ணாவிடம் சொன்னார்.

"இவளிட்ட எடுக்கச் சொல்லு. என்ன அடர்த்தி எண்டு பார்க்கச் சொல்லு. ஒரு வயித்தில பிறந்ததுகள்தானே, ஒத்துக்கொள்ளும். கொஞ்சம் போனாலும் இவளுக்குத் தெரியாது."

"அம்மா, ப்ளீஸ்! செம்மறியாட்டுக்குக் கத்தரிக்கிற மாதிரிக் கதைக்காதேங்கோ."

"நீ சும்மா இரு தம்பி."

"நான் இதைக் கேக்க மாட்டன்," என்றான் அண்ணா.

"நீ கேள் பிள்ளை."

என் முடியின் அடர்த்தியை அம்மா வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை, அதுவும் அண்ணாவுக்காக. அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். மருத்துவர் சிரிக்கவில்லை. இரண்டு வாக்கியங்களில் மறுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பின்னல் இன்னும் அம்மாவின் கையில் இருந்தது. பதில் வரும்வரை விடமாட்டேன் என்பவர்போல என் வாயையே பார்த்தார். அண்ணாவாக இருந்தால் "ஏலாதாம்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பான். நான் தொடக்கத்திலிருந்து தொடங்கினேன். பிறர் முடியை உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளும் என்றேன். கண்டுகொண்டால் அதை எதிர்த்து அழிக்கும் என்றேன். கூடப்பிறந்தவர்களுடையதாக இருந்தாலும் அப்படித்தான் என்றேன். அதைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் கடுமையான மருந்து எடுக்க வேண்டியிருக்கும், முடிக்காக எவரும் அதைச் செய்வதில்லை என்றேன். மருத்துவர் சொல்லாத எதையும் நான் சேர்க்கவில்லை. அவசரப்படவில்லை, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் பெருவிரல் தன்னையறியாமல் பின்னலின் மடிப்புகள்மேல் ஏறி இறங்கியது, பட்டும் படாமலும்.

"அப்ப ஏலாது," என்றார் கடைசியில்.

"ஏலாது அம்மா."

பின்னல் என் முதுகில் விழுந்தது. அந்தக் கை என்னைத் தாண்டி அண்ணாவின் தோளுக்குப் போயிற்று.

"பரவாயில்லைத் தம்பி. இருக்கிற மிச்சத்தில செய்வம்."