அக்கா உயரத்துக்கு ஒரு சிங்க்

என் அக்காவை நாங்கள் அரையக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்குப் பின்னால் பிறந்த மூன்று பேரும் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அவள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டோம். அவள் அதற்காக வருத்தப்பட்டதில்லை. "உங்களுக்கெல்லாம் மூளைக்கு ரத்தம் ஏறவே லேட்டாகும்டா" என்பாள். கல்யாணமும் ஓர் ஒட்டடைக்குச்சிக் குடும்பத்தில்தான் அமைந்தது. மாமா வாசலில் தலையைக் குனிந்து நுழைகிற ஆள். அவருடைய அம்மாவும் தங்கைகளும் அதே வார்ப்பு. அந்த வீட்டுச் சமையல் மேடை அவர்களை மனதில் வைத்துக் கட்டியது.

மேடை உயரமாக இருந்தால் என்ன ஆகும் என்பது உயரமானவர்களுக்குப் புரியாது. சிங்கின் விளிம்பு அக்காவுக்கு நெஞ்சு வரை வரும். கையைத் தூக்கிக் கழுவினால் தண்ணீர் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஓடி, அங்கிருந்து இடுப்பில் சொட்டும். அவள் இருபது வருஷத்துக்கு மேல் ஈரச் சட்டையோடுதான் வேலைக்குக் கிளம்பினாள். வேலை, ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில். பிள்ளைகளுக்காகத் தாழ்வாகக் கட்டிய தொட்டியில் நாள் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுவாள். அங்கே ஒரு சொட்டு கையில் ஏறாது. ஆகவே கோளாறு தன்னிடம் இல்லை, மேடையில்தான் என்று அவளுக்குத் தீர்மானமாகத் தெரியும்.

பழைய சிங்க் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த அன்று, வீட்டில் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான். "இந்தத் தடவை என் உயரத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். புது சிங்க் ஆழமில்லாமல் இருக்க வேண்டும், அது வரும் இடத்தில் மேடையை ஒரு சாண் இறக்கிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே சிங்குகளைச் சுவரில் படம் மாதிரி மாட்டியிருந்தார்கள்.

"இதக் கொஞ்சம் இறக்கித் தரீங்களா, கழுவிப் பாக்கணும்" என்றாள் அக்கா.

கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா விட்டத்தைப் பார்த்தார். ஒரு ஸ்டூலின் மேல் சிங்கை வைத்ததும், அக்கா அதன் முன் நின்று இல்லாத பாத்திரத்தை இல்லாத தண்ணீரில் தேய்த்துக் காட்டினாள். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.

"மேடம், இப்ப எல்லாரும் ஆழமானதுதான் எடுக்குறாங்க. தண்ணி வெளிய தெறிக்காது."

"எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்து கழுவித் தருவாங்களா?"

"அவர் சொல்றதையும் கேளேன்" என்றார் மாமா.

"நீங்க கடைசியா எப்பப் பாத்திரம் கழுவுனீங்க? அதச் சொல்லுங்க, அப்புறம் கேக்குறேன்."

மாமா யோசித்தார். கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்தார்.

கொத்தனார் மேடையை இறக்கினார். குழாய் வேலைக்கு வந்தவர் சிங்கைப் பொருத்தி, விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூசி, தன் வேலையைத் தானே ரசித்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் போகவில்லை. கையை விட்டுத் துழாவினார். கீழே படுத்து எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் தெரிந்தது: சுவருக்குள் போகிற கழிவுக் குழாயின் வாய் பழைய உயரத்திலேயே இருந்தது. சிங்கின் அடி அதற்கு இரண்டு விரல் கீழே வந்துவிட்டது.

"தண்ணி மேல ஏறாதுங்களே" என்றார் அவர்.

"அது எனக்கும் தெரியும். உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க இறக்கச் சொன்னீங்க, இறக்கினோம்."

"சிங்கை மட்டும் இறக்கிட்டுக் குழாய அங்கயே விடுங்கன்னா சொன்னேன்?"

சுவரை உடைத்து ஓட்டையைக் கீழே இறக்க வேண்டும். அந்தச் சுவரின் வெளிப்பக்கத்துக்கு மாமா அப்போதுதான் வண்ணம் பூசியிருந்தார். தெருவே பாராட்டிய வண்ணம். அவருக்கு முகம் கறுத்தது. சிங்கைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிடலாம் என்று குழாய்க்காரரும் அவரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள்.

"உனக்குக் கீழ ஒரு பலகை போட்டுத் தரேன். ஏறி நின்னுக்க."

"பலகை மேல நின்னுக்கிட்டே அடுப்புக்கும் போகணுமா? தள்ளிக்கிட்டே போகவா?"

"ஊர்ல நாலு பேர் பாக்குற சுவரும்மா அது."

"உள்ள நிக்கிற என்னை ஒருத்தரும் பாக்கல, இல்ல?"

அதற்கு மேல் அவள் சண்டை போடவில்லை. அவரவர் தட்டை அவரவரே குளியலறையில் கழுவிக்கொள்ளலாம் என்று மட்டும் அறிவித்தாள். குளியலறைக் குழாயோ முழங்காலுக்குக் கீழே இருந்தது. அதன் முன்னால் மாமா குந்தி உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். முட்டி இரண்டும் காதுக்கு மேல் நின்றன. எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார், சோப்புக் கை வழுக்கியது. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பிறகு குழம்புச் சட்டியோடு வெளியே வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கொத்தனாருக்குப் போன் செய்தார்.

சுவரை உடைத்தார்கள். வெளியே வண்ணத்தில் ஒரு திட்டு விழுந்தது, அதற்குச் சரியான நிறம் கடைசிவரை கிடைக்கவில்லை. தண்ணீர் போயிற்று. அக்கா ஒரே ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முழங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தொட்டுப் பாருடா. காஞ்சு கெடக்கு."

அவள் அந்த சிங்கில் கழுவியது ஆறேழு வருஷம். இந்த வருஷம் மழை தொடங்கும் முன் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நேற்று அவள் வீட்டில் சாப்பிட்டோம். பாத்திரம் கழுவும் முறை எனக்கு வந்தது. முதல் தட்டிலேயே இடுப்பு கெஞ்சியது. பக்கத்தில் துடைத்து வைத்துக்கொண்டிருந்த அக்கா மகள், "அம்மா நம்ம எல்லாரையும் நல்லாப் பழி வாங்கிட்டாங்க மாமா" என்றாள்.

"ஏத்திக் கட்டிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"நான் கேட்டாச்சு. அப்பா வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க."

கூடத்தில் இருந்த மாமாவுக்கு அது கேட்டிருக்கும். அவர் செய்தித்தாளைத் திருப்பினார். நான் கடைசிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். மேலே தட்டு அடுக்கும் பலகை நங்கென்று மண்டையில் இடித்தது. அதையும் அவள் தன் கைக்கு எட்டுகிற மாதிரி இறக்கி அடிக்கச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது.

"பாத்து நிமிருங்க மாப்ள" என்றார் மாமா, தாளிலிருந்து முகத்தை எடுக்காமல். "எனக்குத் தெனமும் இடிக்குது."