மண்ணைக் கழுவிய ஊர்

ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க நானும் என் மச்சான் தனவேலும் ஆறு மணிக்கே திட்டக்குடிப் பக்கத்து மங்களூரில் வந்து நின்றோம். பஸ் ஏழு மணிக்குத்தான் வந்தது. அதுவரை தனவேல் வாயை மூடவில்லை. டீக்கடையில் இருந்த எல்லாரிடமும், "எங்க மாமா மண்ணைக் கொளுத்திப் பாக்க விருத்தாசலம் போறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏன், நம்மூர்ல நெருப்பு கெடைக்கலியா?" என்று ஒருவர் கேட்டார். கடையே சிரித்தது. எனக்கு நாலு பேர் நடுவில் பதில் பேச வராது. பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகும் காரியம் இதுதான். என் வயலும் தனவேல் வயலும் ஒரு வரப்பு விட்டு அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே கரிசல் மண். இரண்டிலும் மக்காச்சோளம்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் மண் ஆராய்ச்சி செய்கிற சுகந்தி மேடம் எங்கள் பக்கம் வந்தார். அறுவடை முடிந்ததும் சோளத்தட்டையைக் கொளுத்த வேண்டாம், ரொட்டவேட்டர் விட்டுப் புரட்ட வேண்டாம், தட்டையை வயலிலேயே மட்க விட்டு அதன் நடுவிலேயே விதை ஊன்றுங்கள் என்றார். ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவரிடம் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

மேடம் கம்ப்யூட்டரில் வயல்கள் வைத்திருக்கிறார். நிஜ வயலின் மண்ணில், தட்டை மட்கிச் சேர்ந்த கரிச்சத்து இன்றைக்கு எவ்வளவு என்று அளந்து அதில் போட்டால், வெயில் ஏறினால், மழை தவறினால், இன்னும் முப்பது நாற்பது வருஷத்தில் அந்த மண் என்ன ஆகும் என்று அது கணக்குப் போடும். மண்ணில் கரி தங்கினால் காற்றில் அவ்வளவு குறையும் என்றும் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அந்தக் கம்ப்யூட்டருக்குள் என் வயலும் ஒன்று இருக்கிறது. இங்கே நான் செய்வது அங்கே தெரியும்.

ஆனால் இங்கே தெரிந்தது வேறு. முதல் இரண்டு வருஷமும் எனக்கு விளைச்சல் தனவேலைவிடக் குறைவு. அடுத்த இரண்டு வருஷமும் சமம். வயல் பார்க்கவும் குப்பைமேடு மாதிரிதான் இருக்கும். இந்த ஆவணியில் என் மனைவி, தன் தம்பி தனவேலை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை மண்ணைப் பாத்துட்டு வாங்க. வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னா தம்பி சொல்றபடி கேளுங்க." நான் தலையை ஆட்டினேன். தனவேல் அன்றைக்கே இரண்டு வயலுக்கும் சேர்த்து ரொட்டவேட்டர் சொல்லிவிட்டான். நாங்கள் விருத்தாசலம் போய்வந்த மறுநாள் காலை வண்டி வருவதாக ஏற்பாடு. ஒரு தடவை புரட்டினால் நாலு வருஷமும் போச்சு என்று மேடம் சொல்லியிருக்கிறார். அதனால் போகிற அன்றைக்கே பதில் தெரிந்தாக வேண்டும். சாட்சிக்குத் தனவேலும் கூடவே வந்தான்.

திட்டக்குடியில் இறங்கி விருத்தாசலம் பஸ் மாறினோம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பெண்ணாடம் வரை நன்றாகப் போன பஸ், ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு கூட்ஸ் போனது. கேட் திறக்கவில்லை. இன்னொரு கூட்ஸ் போனது. தனவேல் கண்டக்டரிடம் என் கதையை ஆரம்பித்தான். கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கரி வேணும்னா கரிக்கடையில கேக்கலாமே, ஏன் மண்ணுல தேடுறீங்க?" என்றார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விருத்தாசலம் வந்து சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. கோயில் கோபுரம் தெரிகிற ரோட்டில் ஆட்டோ பிடித்தோம். செராமிக் பட்டறை என்றதும் டிரைவர், "அகல் விளக்கா, பொம்மையா? மொத்தமா எடுக்கணும்னா நம்ம ஆளு கடை இருக்குது" என்றார். வேண்டாம் என்று நான் மெதுவாகச் சொன்னது அவர் காதில் விழவில்லை போல. நேராக அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தனவேல் இறங்கி விளக்கு விலை கேட்க ஆரம்பித்துவிட்டான். அவனை இழுத்து ஏற்றி, மறுபடி ஊரைச் சுற்றி, பட்டறை போய்ச் சேர நூறு ரூபாய் ஆனது.

பட்டறைகள் வரிசையாக இருந்தன. வாசலுக்கு வாசல் உடைந்த பீங்கான் பியூஸ் கட்டைகளும் மூக்கு இல்லாத பிள்ளையார்களும் குவிந்து கிடந்தன. எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. எங்கள் ஊர் மண் கையில் பட்டால் கறுப்பு. இங்கே தொட்டதெல்லாம் வெளுப்பு.

நாங்கள் போன பட்டறை கொளஞ்சி என்பவருடையது. மேடம் வேலை பார்க்கும் இடத்தில் மண்ணைச் சுடும் அடுப்பு ரிப்பேராகி மாதக்கணக்காகிறது. கொளஞ்சியிடம் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்ன கரண்டுச் சூளை இருக்கிறது. மண்ணை எடை போட்டு, அளவான சூட்டில் வைத்து, மறுபடி எடை போட வேண்டும். எரிந்து குறைந்த எடையை வைத்துக் கரிச்சத்தைக் கணக்குப் பண்ணலாம். போன வாரம் மேடம் எங்கள் வயல்களில் மண் எடுத்து, தானே சலித்து, ஊர் திரும்பும் வழியில் இரண்டு பைகளையும் கொளஞ்சியிடம் கொடுத்துவிட்டு, "காயவச்சு ரெடியா வைங்க, வந்து சுட்டுக்கறேன்" என்று சொல்லிப் போயிருந்தார்.

மேடமும் அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகக் காரில் வந்து இறங்கினார். கையில் குழந்தை மாதிரி ஒரு தராசு.

கொளஞ்சி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண் இமை கூட வெளுத்திருந்தது. "எல்லாம் ரெடிங்க மேடம்" என்று ஒரு பலகையைத் தூக்கி வந்து வைத்தார்.

பலகையில் வட்ட வட்டமாக, அதிரசம் மாதிரி, வழவழவென்று வில்லைகள்.

"மண்ணு எங்கங்க?" என்றார் மேடம்.

"இதாங்க மண்ணு."

"இது… நான் பொடியாத்தானே குடுத்தேன்?"

"பொடியை எப்படிங்க சுடுறது? ஊறவச்சு, கரைச்சு, மேல மெதக்கறதை வடிச்சு, நைசு சல்லடையில ஊத்தி, தெளியவச்சு, வில்லை தட்டியிருக்கேன். மூணு தண்ணி மாத்தியிருக்கேன். இந்த விருத்தாசலத்துல இதைவிட சுத்தமா யாரும் தர மாட்டாங்க. நீங்களே சொல்லுங்க, துளி தூசு இருக்குதா?"

மேடம் ஒரு வில்லையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அப்படியே பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொளஞ்சி… அந்தத் தூசைத்தான் நான் எடை போட வந்தேன்."

கொளஞ்சிக்கு முகம் மாறிவிட்டது. "மண்ணுல செத்தை இருந்தா சூளையில வச்சதும் ஓட்டை விழுங்க. எங்க தொழில்ல மொத வேலையே அதை எடுக்கறதுதாங்க. நீங்க ரெடியா வைன்னு சொன்னீங்க."

"சொன்னேன். நான்தான் சொன்னேன்" என்றார் மேடம். கோபத்தை யார் மேல் காட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. நாலு வருஷம் கிண்டல் கேட்டு, பஸ்ஸில் கிண்டல் கேட்டு, அகல் விளக்குக் கடை வரை போய் வந்தது ஆறு அதிரசத்தைப் பார்க்கவா? தனவேல் என் தோளைத் தட்டினான். "விடு மாமா. காலையில வண்டி வந்துடும்."

கொளஞ்சிக்குப் பழி தன் மேல் நிற்பது பொறுக்கவில்லை. "நான் ஒண்ணும் சும்மா ஒக்காந்திருக்கலீங்க. இந்தா இது" என்று ஒரு பக்கத்து வில்லைகளைக் காட்டினார். "இது நல்ல மண்ணு. ஒரே தண்ணியில தெளிஞ்சுது. வடிச்சா ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த இன்னொரு பை இருக்குதே, அய்யய்யோ! கரைக்கக் கரைக்கக் கறுப்பு. சல்லடை அடைச்சுக்கிச்சு. மூணு தண்ணி மாத்துனதே அதுக்குத்தான். வூட்டுல சாப்பிடக் கூப்பிட்டும் போகல. யாரு மண்ணுங்க அது? குப்பை!"

"நல்ல மண்ணு யாருதுன்னு பையில பேரு இருக்குமே?" என்றான் தனவேல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

கொளஞ்சி ஆணியில் மாட்டியிருந்த காலிப் பைகளைப் பார்த்துப் படித்தார். "நல்லது தனவேலு. குப்பை ராசேந்திரன்."

"பாத்தியா மாமா! தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு!"

மேடம் தலையைத் தூக்கினார். "வடிச்சதை எங்க ஊத்துனீங்க?"

"மொதப் பையில ஊத்த ஒண்ணும் இல்லீங்க. அந்தக் குப்பை மண்ணோடது பின்னால இருக்குது. மல்லிச் செடிக்கு ஆவும்னு வச்சிருக்கேன்."

பழைய பெயின்ட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். முக்கால்வாசிக்குக் கறுப்பாகக் கூழ் போல இருந்தது. மேடம் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மழை பெய்து ஓய்ந்த வாசனை.

"இது கணக்குல சேராதுண்ணே. தண்ணியோட எவ்வளவு போச்சுன்னு தெரியாது. கம்ப்யூட்டர்ல என்னால எதுவும் போட முடியாது" என்றார். பிறகு தனவேலைப் பார்த்தார். "அவர் பியூஸ் கட்டை செய்யறவர். கட்டைக்கு நல்ல மண்ணு உங்களுது. சோளத்துக்கு எதுன்னு நீங்களே யோசிங்க." மறுபடி என்னிடம், "அடுத்த வாரம் புதுசா மண்ணு எடுக்க வரேன். அதுவரைக்கும் வயல்ல வண்டி எறங்கக் கூடாது" என்றார்.

கிளம்பும்போது கொளஞ்சி எங்களுக்கு ஒரு பொம்மைக் கிளி கொடுத்தார். பெயின்ட் டப்பாவை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் மடியில் டப்பா, பக்கத்தில் தனவேல். அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தான். பெண்ணாடம் கேட்டில் பஸ் மறுபடி நின்றது. அவனிடமிருந்து நம்பர் வாங்கி, ரொட்டவேட்டர் செல்வத்துக்குப் போன் போட்டேன். செல்வத்தோடு நான் அதுவரை பேசியதே இல்லை.

"யாரு?"

"நான் தனவேலோட மாமா."

"கேக்கலீங்க. கூட்ஸு சத்தம்."

"ராசேந்திரன்! நாளைக்கு என் வயல்ல வண்டி எறக்கக் கூடாது! என் வயல்ல எறக்கக் கூடாது!"

அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் கடந்து போய்விட்டது. கடைசி வார்த்தை பஸ் முழுக்கக் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போனில் செல்வம், "சரிங்க, அதுக்கு ஏன் கத்தறீங்க" என்றான்.

விருத்தாசலத்தில் மண் வெளுத்தால்தான் மதிப்பு. எங்கள் பக்கம் கறுத்தால். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பஸ்ஸும் ஒரு ரயில்வே கேட்டும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது.

மங்களூரில் இறங்கி வயல் வழியாக நடந்தோம். டப்பா கனக்கிறது, நான் தூக்குகிறேன் என்று தனவேல் வாங்கிக்கொண்டான். வரப்பு வந்ததும் நான் என் பக்கம் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவன் அந்தப் பக்கம், தன் வயலில், மூடியைத் திறந்துகொண்டிருந்தான்.

"இந்தாண்ட ஒரு ஓரமா ஊத்திட்டு வரேன் மாமா. சும்மாதானே போவுது."

"கீழ வைடா" என்றேன்.

வைத்தான்.