ஜெயில் சப்பாத்தி

இந்த ஊரில் ஜெயில் வாசலில் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கிறது. நம்ம ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சத்தியம் செய்தாலும் நம்பிக்கை வராது. உள்ளே கைதிகள் சுடும் சப்பாத்தியும் கோழிக்கறியும் வெளியே கவுண்டரில் விற்பனைக்கு வரும். ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, பிள்ளைகளுக்கு வாங்கிப் போவார்கள். நான் திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த முதல் வாரம், விடுதியில் என் அறைத்தோழி அஞ்சு ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். "ஜெயில் சப்பாத்தியா. சூடோடெ கழிக்கெடீ," என்றாள், சூடாகச் சாப்பிடு என்று. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். பாவம், அதை நம்பி எனக்குச் சீரகத் தண்ணீர் காய்ச்சித் தந்தாள்.

எங்கள் வீட்டில் ஜெயில் என்ற சொல்லே கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த அடிதடியில் ஒருவர் செத்துப்போனார். கேசில் ஐந்து பேர். அதில் ஒருவன் என் அண்ணன். அவன் அடித்தானா, விலக்கிவிடப் போனானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. செத்தவருக்கும் ஒரு தங்கச்சி இருந்திருப்பாள் என்ற நினைப்பு வரும்போது, அண்ணனுக்காக அழுவதற்குக்கூட வெட்கமாக இருக்கும். தீர்ப்பு நாளன்று கோர்ட்டில் ஆங்கிலத்தில் ஏதோ வாசித்தார்கள். விட்டுவிட்டார்கள் என்று நினைத்து அம்மா கும்பிட்டாள். அவனை வண்டியில் ஏற்றும்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. அந்த ஆத்திரத்தில்தான் நான் கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். போலீஸ், கோர்ட், ஜெயில் மூன்றும் எப்படி நடக்கின்றன என்று சொல்லித்தரும் படிப்பு. ஊரைக் காலிசெய்து வள்ளியூரில் வாடகை வீடு பிடித்தபோது, அக்கம்பக்கத்தில் அம்மா சொன்னது, மகன் துபாயில் இருக்கிறான் என்று.

நான் அதைவிடக் கெட்டிக்காரி. "வீட்டில் ஆரொக்கெ உண்டு?" என்று அஞ்சு கேட்டபோது, "அம்மை மாத்ரம். ஞான் ஒற்ற மோளா," என்றேன். ஒரே மகள். அண்ணனை ஒரு வரியில் இல்லாமலாக்கிவிட்டு, அன்றைக்கு நன்றாகத் தூங்கியும் விட்டேன்.

இரண்டாம் வருடம் எங்கள் வகுப்பை ஜெயிலுக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். சப்பாத்திக் கூடத்தில் கை நிறைய மாவோடு நாகர்கோவில் பக்கத்து ஆள் ஒருவர் நின்றார். தமிழ் தெரியும் என்பதால் டீச்சர் என்னைக் கேள்வி கேட்கச் சொன்னார். தாளைப் பார்த்து, "இங்க உங்களுக்கு எது கஷ்டம்ணே?" என்று வாசித்தேன். அவர் சிரித்தார். "வேலயெல்லாம் ஒண்ணுமில்ல மக்களே. மனு பாக்க ஆளு வந்திருக்குன்னு பேரு சொல்லிக் கூப்புடுவாங்கல்லா, அந்த நேரந்தான். நமக்கு ஆரும் வரமாட்டாவன்னு தெரியும். ஆனாலும் காது அங்கதான் கெடக்கும்."

"எந்தா பறஞ்ஞே?" என்று டீச்சர் கேட்டார். உண்மையைச் சொன்னால் அங்கேயே அழுதுவிடுவேன். "பக்ஷணம் குழப்பமில்லா," என்றேன். சாப்பாடு பரவாயில்லையாம். டீச்சர் அதைக் குறித்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் கைதியைப் பார்க்கப் போவதற்கு மனு பார்ப்பது என்றுதான் பேர். அம்மா மாதம் ஒருமுறை போவாள். என்னை ஒருநாளும் விட்டதில்லை. "ஏட்டி, அந்த வாசல்ல உன் காலு படக்கூடாது," என்பாள். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை, அதுதான் நிஜம். அந்த ஓணம் லீவில் முதல் தடவையாக, அம்மாவுக்குச் சொல்லாமல், எங்கள் பக்கம் அண்ணன் இருக்கும் ஜெயிலுக்குப் போனேன். கிளம்பும் முன் இங்கே பழவங்காடிக் கடையில் அப்போதுதான் வறுத்தெடுத்த நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். அண்ணனுக்கு அது உயிர். மனுவில் உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுத மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

மனு உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. வார்டர் நல்ல மனுஷர். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஏம்மா, தங்கச்சின்னு எழுதியிருக்க. அவன் தனக்குத் தங்கச்சியே கெடையாதுங்கான். ஆளு மாறி வந்திருக்காவன்னு சொல்லிட்டான். வீட்டுக்குப் போ தாயி." சிப்ஸையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் இனிஷியல், அப்பா பெயர், பழைய விலாசம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். இதற்காகவா இத்தனை பாடம் படித்தேன்! கைதிக்கு விருப்பமில்லாவிட்டால் பார்க்க முடியாது என்று நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "மொத நாளே எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாம்ட்டி. தங்கச்சி பேரு எந்தக் காயிதத்துலயும் வரப்பிடாது, நாளைக்கு அவ வேலைக்குப் போணும், கட்டிக்குடுக்கணும், எனக்குத் தங்கச்சியே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேம்மான்னான். ஒவ்வொரு மனுவுக்கும் உன்னத்தான் மொதல்ல கேப்பான். நீ அங்க என்ன சாப்புடுதன்னு கேப்பான்."

நான் என் வெட்கத்துக்காகச் சொன்ன அதே பொய்யை அவன் எனக்காகச் சொல்லியிருக்கிறான். உள்ளே அவன் காதில் என் பெயர் விழுந்திருக்கும். எழுந்து வர எவ்வளவு துடித்திருப்பான்!

லீவு முடிந்து வந்த அன்று, அஞ்சுவோடு நானும் அந்த வரிசையில் நின்றேன். வாங்கி, மதிலோரமாக நின்று, முதல் தடவையாகச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. கண்ணீர் வந்தபோது கறி காரமா என்றாள். "எனிக்கொரு சேட்டனுண்டு, அஞ்சு," என்றேன். எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னேன். அவள் தன் பொட்டலத்திலிருந்து இன்னொரு சப்பாத்தியை எடுத்து என் கையில் வைத்தாள்.

இதற்குக் கீழே என் பெயரைப் போட மாட்டேன். அண்ணன் கேட்டுக்கொண்டது அதுதான். இங்கே, மலையாளத்தில், எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். வள்ளியூர் பஸ்ஸில் ஏறிவிட்டால் அவன் துபாயில் இருக்கிறான், ஜெயில் காகிதத்தில் நான் ஒற்றைப் பிள்ளை.