நான் போகாத ஊர்

நித்யா, கதிர், போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில் நான் பாயில் சாய்ந்திருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் போனைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "அப்பா, உங்க அமெரிக்கா ஊரு வந்திருச்சு, பாருங்க" என்றாய் நித்யா. திரையில் அகலமான ஒரு தெரு. இரண்டு பக்கமும் தாழ்ந்த கட்டடங்கள். மேலே நம் மேச்சேரிப் பக்கத்து வானம் போலவே பெரிய, வெறும் வானம். நீ விரலால் தள்ளத் தள்ளத் தெரு நகர்ந்தது. நான் படுத்தபடியே, அடுத்த முக்கில் இடது பக்கம் திரும்பு, நீலத் தண்ணீர்த் தொட்டி வரும் என்றேன். தொட்டி வந்தது. ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் கொட்டி வைக்கிற உருளைக் கிடங்குகள் நாலு நிற்கும் என்றேன். நாலும் நின்றன. கதிர் கை தட்டினான். இருபது வருசம் கழித்தும் அப்பாவுக்கு என்ன ஞாபகம் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் நீ சொன்னதுதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. "அடுத்த ஞாயித்துக்கெழம கொழந்தவேல் மாமா பத்திரிகை வெக்க வாராரில்லங்கப்பா, அவருக்கும் இதைக் காட்டலாம். பாவம், அவராலதான் போக முடியாமப் போச்சே."

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். நீங்கள் விளையாடப் போய்விட்டீர்கள்.

இன்று செவ்வாய்க்கிழமை. மாமா வருவதற்குள் இதை எழுதி உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது. சொல்ல ஆரம்பித்தால் பழக்கதோசத்தில் பழைய கதையையே இன்னும் கொஞ்சம் அழகாகச் சொல்லிவிடுவேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் நித்யா திருத்திக்கொள்.

அமெரிக்கா போனது குழந்தைவேல் மாமா. போக முடியாமல் போனவன் நான்.

மக்காச்சோளம் என்று எழுதியதுமே தீவன மில்லின் வாசம் வந்துவிட்டது. திருச்செங்கோட்டில் நானும் அவனும் வேலை பார்த்த ரிக் பட்டறை ஒரு கோழித் தீவன மில்லுக்குப் பின்னால் இருந்தது. தண்ணீருக்குப் போர் போடுகிற ரிக் வண்டிகளைக் கழற்றி மாட்டுவது எங்கள் வேலை. நாள் முழுக்க மில்லிலிருந்து அரைத்த சோளத்தின் இனிப்பான தூசி பறந்து வரும், எங்கள் டீசல் நாற்றத்தோடு கலந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்த அந்த வாசம் என் பழைய சட்டைகளில் இருந்து போகவே இல்லை என்று உங்கள் அம்மா கல்யாணமான புதிதில் சொல்லுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம். மதியச் சோற்றுப் போசியை மாற்றிக்கொண்டு சாப்பிடுவோம். அவனைப் பார்த்து நான் பொறாமைப்பட அதுவரை ஒன்றும் இல்லை, அவனுடைய தலைமுடியைத் தவிர.

முதலாளி அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரிலிருந்து பழைய ரிக் வண்டி ஒன்றை வாங்கினார். ஹார்ப்பர் பெண்ட் என்று ஊருக்குப் பேர். விற்றவர் வால்ட் என்று ஒரு போர் போடுகிற கிழவர். நம் ஆள் ஒருவர் போய் மூன்று மாதம் அவரோடு இருந்து வண்டியின் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டு, பிரித்துக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு ஆள்.

யாரை அனுப்புவது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. ஒருவனை நோகடிக்க மனசும் இல்லை. அந்தப் பாரத்தைப் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த கருப்பணார் சாமி தலையில் வைத்துவிட்டார். பூ கேட்டுவிடலாம் என்றார். கல்யாணத்துக்கும் கிணற்றுக்கும் நம் பக்கத்தில் கேட்பார்களே, அதேதான். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். யார் நினைத்த பூ வருகிறதோ அவன் பக்கம் சாமி.

குழந்தைவேல், "மாப்ள, நீயே மொதல்ல நெறத்தச் சொல்லு. மிச்சம் எனக்கு" என்றான். நான் நன்றாக யோசித்தேன். வாங்கின வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் என்று போட்டோவில் பார்த்திருந்தேன். அதனால் சிவப்பு என்றேன். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள். பூசாரி வீட்டுக் குழந்தை மூக்கை ஒழுக்கிக்கொண்டே வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தது. பிரித்தால் வெள்ளை.

அன்றிலிருந்து வெள்ளை அரளிச் செடியை யார் வீட்டு வாசலில் பார்த்தாலும் ஒரு கிளையை முறித்துவிட்டுத்தான் நகர்வேன். கதிருக்கு மொட்டை போடப் போன இடத்தில் முறித்து உங்கள் அம்மாவிடம் திட்டு வாங்கியது இப்போது உங்களுக்குப் புரியும்.

அவனிடம் நல்ல பெட்டி இல்லை. என்னுடையதைக் கேட்டான். கொடுத்தேன். ஆக, என் பெட்டி அமெரிக்கா போய் வந்தது. நீங்கள் பரண்மேல் பார்த்தீர்களே, கைப்பிடியில் விமானச் சீட்டு ஒட்டிய பெட்டி, அப்பா போனதற்குச் சாட்சி என்று நான் காட்டியது, அதுதான்.

பட்டறை ஆபீசில் ஒரு போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அவன் கூப்பிடுவான். அங்கே அப்போது காலை எட்டு மணி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்போம். மற்றவர்கள் சிரிப்பதற்குக் கேட்டார்கள். நான் ஏதாவது கஷ்டம் சொல்லமாட்டானா என்று கேட்டேன். "சோத்துக்கு என்னடா பண்றே?" என்று முதல் வாரமே விசாரித்தேன். எவ்வளவு அக்கறை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். வால்ட் சம்சாரம் டோரிஸ் அவனுக்காகத் தோட்டத்தில் மிளகாய் பறித்து வைக்கிறாள் என்றான். எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஊர் மொத்தமே ஒரு பெரிய தெருவும் சில சந்துகளும்தான் என்றான். நடுவில் ஒரே ஒரு சிக்னல், அதுவும் மஞ்சளாகக் கண் சிமிட்டிக்கொண்டு சும்மா நிற்கும், நிறுத்த வண்டி இருக்காது. எதிரே வருகிற வண்டிக்காரர் தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைப்பார். வைக்காமல் போனால் உடம்பு சரியில்லையா என்று வீட்டுக்கு வந்து கேட்பார்கள். விடிகாலை ஆறு மணிக்குக் குடியானவர்கள் எல்லோரும் காப்பிக் கடையில் கூடிவிடுவார்கள். மழை, சோளத்தின் விலை, யார் டிராக்டர் சேற்றில் மாட்டியது, இவ்வளவுதான் பேச்சு. நம் பரமத்தி வேலூர் டீக்கடையில் வெற்றிலைக் கொடிக்காரர்கள் பேசுவது மாதிரியேதான் இருக்குது, பாசை மட்டும்தான் வேற என்றான்.

அந்தக் கடைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கோப்பை, அதில் அதன் சொந்தக்காரர் பேர். வெளியூர்க்காரருக்குக் கடைக் கோப்பை. நாலாவது வாரம் அவனுக்கு ஒரு ஆணி அடித்துவிட்டார்கள். கோப்பையில் ரிக் வண்டி படம் கூட வரைந்திருந்தார்களாம். ஸ்பீக்கரைச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் எழுந்து போய்ப் பம்பில் முகம் கழுவினேன். திருச்செங்கோட்டில் பத்து வருசம் ஒரே கடையில் டீ குடித்தவன் நான். எனக்கு யாரும் ஆணி அடிக்கவில்லை.

நான் உங்களுக்குச் சொன்ன தேங்காய்க் கதையும் அவனுடையதுதான். வால்டின் பக்கத்துத் தோட்டக்காரி ஒருத்திக்குக் கிணறு வற்றிவிட்டது. அந்த ஊரில் கவட்டைக் குச்சியைக் கையில் பிடித்து நடந்து தண்ணீர் பார்ப்பார்களாம். வால்டின் தம்பி குச்சியோடு நடந்தார். குழந்தைவேலுக்கும் கை சும்மா இருக்கவில்லை. நாற்பது மைல் போய் ஒரு தேங்காய் வாங்கி வந்து, நம் வழக்கப்படி உள்ளங்கையில் படுக்கவைத்துத் தோட்டம் முழுக்க நடந்தான். குச்சி தாழ்ந்த இடத்துக்கு நாலடி தள்ளித் தேங்காய் எழுந்து நின்றது. அங்கேதான் போர் போட்டார்கள், தண்ணீரும் வந்தது. ஊரே அவனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. நான் சொன்ன கதையில் அது என் உள்ளங்கை.

முதல் பனி விழுந்தது என்று அவன் சொன்ன வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? சோடாக் கடையில் ஐஸ் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "ஏனுங்க, எதாச்சும் தொலைச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

அவன் திரும்பி வந்தான். வண்டியும் வந்தது. வண்டி கழற்றி மாட்டுவதில் பெரிய பிட்டர் ஆனான். அந்த வண்டியோடு வடக்கே போய்ப் பல வருசம் அங்கேயே தங்கிவிட்டான். அதனால் நீங்கள் அவனைச் சரியாகப் பார்த்ததில்லை. எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

நித்யா, உனக்கு அப்போது நாலு வயதிருக்கும். காய்ச்சல் விட்ட வாய், சோறு இறங்கவில்லை. நான் ஆணியில் தொங்கும் கோப்பைகளைப் பற்றிச் சொன்னேன். வாயைத் திறந்துகொண்டு கேட்டாய். உருண்டை உருண்டையாக உள்ளே போனது. "ஆருங்கப்பா அங்க போனது?" என்று கேட்டாய். "நான்தான் சாமி" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு நாள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அந்த ஒரு சொல்லில் குளிர்ந்துவிட்டது. அப்புறம் கதிர் பிறந்தான், அவனுக்கும் சொன்னேன். என் கதையில் பொட்டலத்தில் சிவப்புப் பூ வந்தது. குழந்தைவேல் பஸ் ஸ்டாண்டில் நின்று எனக்குக் கை காட்டினான், கண் கலங்கினான். அவனைக் கண் கலங்க வைத்ததில் எனக்கு அத்தனை சந்தோசம். நிஜத்தில் பஸ் ஸ்டாண்டில் அழுதவன் யார் என்று இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விளையாடப் போனபின் நான் தனியாக அந்தத் தெருவில் போய்ப் பார்த்தேன். காப்பிக் கடையின் ஜன்னல்களில் பலகை அடித்திருக்கிறது. வால்ட் பட்டறை இருந்த இடத்தில் இடுப்பளவு புல். சிக்னலைக் கழற்றிவிட்டார்கள், கம்பம் மட்டும் நிற்கிறது. போனைப் பாயில் கவிழ்த்து வைத்தேன். போகாத ஊருக்கு எதற்கடா துக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நேற்று அவனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைத்தோப்புக்கு நடுவே குடியிருக்கிறான். முழுக்கக் கேட்டான். அப்புறம், "அப்ப நான் போகவே இல்லியா மாப்ள?" என்றான்.

"இல்ல."

"தேங்காய நிக்க வெச்சது?"

"நான்தான்."

"அட கெரகமே" என்று சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். பிள்ளைகளிடம் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும், உடு என்றான். அவன் அப்படிச் சொன்னதற்கும் எனக்கு எரிச்சல்தான். அந்தப் பெருந்தன்மை எனக்கு ஏன் ஒருநாளும் வரவில்லை?

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊரு போன்ல தெரியுதுன்னயே, போஸ்டாபீசுக்கு முன்னால ஒரு மரப் பெஞ்சு இருக்குதா பாரு" என்றான்.

எனக்கு அப்படி ஒரு பெஞ்சே தெரியாது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு சொல் விடாமல் கேட்டவன் நான். நித்யாவின் போனை எடுத்து, அவனிடமே வழி கேட்டுக் கேட்டுத் தேடினேன். போஸ்டாபீசே இல்லை. காரை போட்ட தரை மட்டும் இருந்தது, வெடிப்பில் புல். சொன்னேன்.

"நீ அதப்பத்திச் சொன்னதே இல்லியே?" என்று கேட்டேன்.

"உங்ககிட்டப் பேசி முடிச்சு போன வெச்சதும் அங்க போயித்தான் உக்காருவேன் மாப்ள. அந்நேரத்துக்கு ஊரே சர்ச்சுக்குள்ள இருக்கும். ஆரும் பாக்க மாட்டாங்க."

என்னத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று அவன் சொல்லவில்லை. ஒரு கஷ்டம் சொல்லமாட்டானா என்று பன்னிரண்டு வாரம் காத்திருந்த நானும் கேட்கவில்லை. அவன் போனை வைக்கவும் இல்லை. வாழைத்தோப்பில் யாரோ மோட்டார் போடுகிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார். ஊரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் அவரிடம் கேளுங்கள். நான் சொன்னதைவிட நன்றாகத்தான் சொல்லுவார், அது எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேளுங்கள். அந்தப் பெஞ்சைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊரில் நான் திருடாமல் விட்ட ஒரே இடம் அதுதான். இருந்ததே எனக்குத் தெரியவில்லை, தெரிந்தபோது அது இல்லை.