கல்லில் குங்குமம் படாமல் காத்த எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை வெவ்வேறு விதமாக அறிந்தவர்கள். சிலருக்குப் பட்டாளத்துக்காரர். சிலருக்கு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றவர். பூங்காவில் நடக்க வருகிறவர்களுக்குக் கல் துடைக்கிறவர். அவரைக் கேலி செய்ய உரிமையுள்ள ஒரே தங்கை நான் என்பதால், எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், வயலை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, மீசை சரியாக முளைக்காத வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் நின்று சேர்ந்துவிட்டார். அவர் போனதால்தான் நான் படிப்பை முடித்தேன், தபால் அலுவலகத்தில் வேலைக்கும் போனேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவர் சொல்லிக் காட்டியதெல்லாம் என் வீட்டுப் படுக்கை விரிப்பில் கிடக்கும் சுருக்கத்தைத்தான்.

எல்லையில் நடந்த சண்டையில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்ற அருளப்பன் குண்டடி பட்டு இறந்துபோனார். அவர் தென்காசிக்காரர், இருவரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லாத காலம் அது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அடுத்த விடுமுறையில் அருளப்பனின் டிரங்குப் பெட்டியை அண்ணன்தான் சுமந்துவந்து அவருடைய அக்கா ஞானத்திடம் ஒப்படைத்தார். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "பெட்டியக் குடுத்தேன், வந்துட்டேன்" என்றார்.

தென்காசி தனி மாவட்டமான பிறகு, இந்தப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து, போரில் இறந்த நம் பிள்ளைகளுக்குப் பூங்காவில் அவர்கள் பெயர் பொறித்த ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். முன்னால் நின்று அலைந்தவர் அண்ணன். கல்தச்சரிடம், ஆள் உயரம் இருக்கட்டும், மேலே போகப்போகக் குறுகட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவரோ ஆயுள் முழுக்கச் சுடலைமாடன் கோயில்களுக்கு, சிலைக்குப் பதிலாகக் கும்பிடும் பீடம் செய்தவர். கை பழகியதைத்தானே செய்யும்? வந்து இறங்கியது அச்சு அசல் மாடன் பீடம். போதாக்குறைக்கு நம் வீரர்கள் அதற்குப் பட்டுத்துணி சுற்றி, மாலை போட்டு, சூடம் கொளுத்தித் தேங்காயும் உடைத்துத் திறந்துவைத்தார்கள். பிறகு ஊர் சும்மா இருக்குமா?

அடுத்த வெள்ளிக்கிழமையே எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. பிறகு எண்ணெய், சந்தனம், குங்குமம். புது ஆட்டோ வாங்கியவர்கள் அங்கே வந்து டயருக்கடியில் பழம் வைத்தார்கள். அண்ணன் காலையில் வாளியும் பிரஷுமாகப் போய்த் தேய்ப்பார், சாயங்காலம் மறுபடி சிவந்து கிடக்கும். "அண்ணே, பட்டாளத்துல நீ சுத்தம் பண்ணாத துப்பாக்கியையெல்லாம் இப்ப சேத்துப் பண்ணுத" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் ஞானம் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பூங்கா வழியாகப் போனவர், தம்பியின் பெயர் மேல் குங்குமம் வழிவதைப் பார்த்திருக்கிறார்.

"என் தம்பி பேர அதுலேர்ந்து எடுத்துரு. அவனுக்கு ஊர்ல கல்லறைதான் இல்ல, போகட்டும். இந்த அலங்கோலமும் வேண்டாம்."

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"எத்தனை காலம் பாப்ப? எடுத்துரு தம்பி."

அன்று அண்ணன் சோற்றில் கை வைக்கவில்லை. அருளப்பன் பெயருக்காகத்தான் அவர் அந்தக் கல்லுக்கே அலைந்தார் என்பது அவர் மனைவியான மைனிக்கும் எனக்கும் அன்றுதான் உறைத்தது. முன்னாள் படைவீரர் சங்கத்தில், சுற்றிலும் கம்பிவேலி போட்டுப் பூட்டிவிடலாம் என்றார்கள். "பூட்டிட்டா பேர யாரு படிக்கது?" என்று அண்ணன் மறுத்துவிட்டார்.

பூங்கா வாசலில் பூ விற்கும் பேச்சியம்மாள்தான் எண்ணெய் ஊற்றுவதில் முதல் ஆள். அண்ணன் நேராக அவரிடம் போய், இது சாமி இல்லை என்றார். நானும் கூட இருந்தேன். பேச்சியம்மாள் விடவில்லை.

"வெட்டுப்பட்டுச் செத்தவனத்தான நம்ம பக்கம் சாமியாக் கும்பிடுதோம், அண்ணாச்சி? குண்டுபட்டுச் செத்தவன் மட்டும் என்ன கொறச்சல்?"

அண்ணன், "சரி, கும்பிடு. யாரக் கும்பிடுதோம்னு தெரிஞ்சு கும்பிடு" என்று அவரைக் கல்லுக்கு முன்னால் கூட்டிப்போய், எழுத்தறியாத அந்த அம்மாளுக்கு ஒவ்வொரு பெயராக, ஊரும் வீடும் சொல்லிப் படித்துக் காட்டினார். அருளப்பன் பெயர் வந்ததும் நிறுத்தினார்.

"இவன் வேதக்காரப் பையன். இவன் அக்கா இந்த ஊர்லதான் இருக்காவ. தம்பி நெத்தியில நீ குங்குமம் வச்சா அவுகளுக்கு எப்படி இருக்கும்?"

பேச்சியம்மாள் முந்தானையால் அந்த வரியைத் துடைத்தார். அதன்பிறகு அவரே காவல். "ஏலே, எண்ணெயத் தூக்கிட்டுப் போ! பூ மட்டும் கீழ வையி" என்ற சத்தம் சாலை வரைக்கும் கேட்கும். பூ வியாபாரமும் நன்றாகவே நடந்தது. அண்ணன் கல்லைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு ஞானம் அக்காவைக் கூட்டிவந்து காட்டினார். அக்கா தம்பியின் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

போன வருஷம் சாரல் தொடங்கிய சமயம் அண்ணன் இதயம் பலவீனமாகிப் படுக்கையில் விழுந்தார். அப்போதும் கல்லைப் பற்றித்தான் கேட்டார். எதற்கும் அசையாத மனிதர், அந்த ஒரு பெயருக்காக இப்படித் தவித்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்து, "கல்லு பளிச்சுன்னு இருக்கு, அண்ணாச்சி" என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினார். இரண்டொரு நாளில் அமைதியாகப் போய்விட்டார்.

அவரைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், தோள் கொடுத்த சங்கத்து நண்பர்களுக்கும், பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் வரை அடுப்படியைத் தாங்கிய அண்டை வீட்டாருக்கும், இன்றும் கல்லைக் காக்கும் பேச்சியம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அண்ணனைக் குளிப்பாட்டிக் கிடத்தி, வாய்க்கரிசி போட வீட்டுப் பெண்களை அழைத்தபோது, ஞானம் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேதக்காரர்கள் போடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் அரிசித் தட்டை அக்காவிடம் நீட்டினேன்.

"எப்படிப் போடணும்ட்டி? எங்கள்ல மண்ணுதான் போடுவோம். என் தம்பிக்கு அதுவும் போடக் கிடைக்கல."

சொல்லிக்கொடுத்தேன். அரிசியைப் போட்டார். பிறகு குனிந்து, அண்ணன் காதருகே பேசினார்.

"போயிட்டு வாய்யா. அங்கன என் தம்பியப் பாத்தா, அக்கா கேட்டேன்னு சொல்லு."