காவிரித் தண்ணீரில் கலங்கிய பாலிமர்

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த அந்தக் கண்ணாடிக் குப்பியை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. தெளிவாக இருக்க வேண்டிய கரைசலில், நான் ஒரு சொட்டுக் காரம் விடுவதற்கு முன்பே, மெல்லிய நீலக் கலங்கல். இது மூன்றாவது முறை.

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவனாக இருந்தேன். என் பாலிமர் சங்கிலியில் இரண்டு துண்டுகள். ஒன்று எப்போதும் தண்ணீரோடு சேரும். மற்றது துளி அமிலம் இருந்தால்தான் கரையும். காரம் ஏறினால் தண்ணீரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடனே சங்கிலிகள் தாமாகவே கூடி, அந்தத் துண்டை உள்ளே ஒளித்து, குட்டி உருண்டைகளாகிவிடும். உருண்டைக்குள் மருந்தை வைத்து உடம்புக்குள் அனுப்பினால், அமிலம் மிகுந்த புற்றுக்கட்டிக்குள் போய்ப் பிரிந்து மருந்தைக் கொட்டும். இதைச் சொல்லிச் சொல்லியே விடுதியில் எல்லோரையும் விரட்டியிருக்கிறேன். ஆனால் என் பாலிமரோ காரத்துக்குக் காத்திருக்காமல், தண்ணீரில் போட்டதும் உருண்டது. இரண்டு தடவை முதலிலிருந்து தயாரித்தேன். இன்னொரு முறை கலங்கினால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மறுநாள் சீக்கிரமே போனேன். ஆய்வக உதவியாளர் அக்கா மொபெட்டிலிருந்து ஒரு கேனை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதை அப்படியே காய்ச்சி வடித்த நீர் இருக்கும் டிரம்மில் ஊற்றினார். என்னக்கா இது என்றேன்.

"தண்ணி காய்ச்சற மிசின்ல கம்பி கருகி மூணு வாரமாச்சுங்க. உங்க வேல நிக்கக் கூடாதுன்னு எங்க ஊட்டுக் காவேரித் தண்ணியக் கொண்டாறனுங்க. துளி உப்பில்ல, சப்பத் தண்ணி. குடிச்சுப் பாருங்க சாமி."

குடித்தேன். போர் தண்ணீர் கரிக்கிற ஊரில் அது தேவாமிர்தம்தான். அதனால் கோபம் இன்னும் ஏறியது. பாத்திரத்தில் காய்ச்சினால் வெள்ளையாகப் படிகிற உப்புகள் அதிலும் உண்டு, நாக்குக்குத் தெரியாது. என் துளி அமிலத்தை அவைதான் விழுங்கியிருக்கின்றன. பாலிமர் மூன்று முறையும் உண்மையைச் சொன்னது. நான்தான் அதைப் பொய்யன் என்றேன். தண்ணீரைச் சோதிக்கும் மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

பொரிந்து தள்ளினேன். அக்கா அமைதியாகக் கேட்டார்: "ஏனுங்க, மனுசன் உடம்புல ஓடறது மட்டும் மிசின் தண்ணீங்களா?"

பதில் எனக்குத் தெரியும். முதலில் சுத்த நீர், பிறகு உப்பு நீர், கடைசியில் ரத்தம். படிப்படியாகத்தான் போக வேண்டும். விளக்கினேன்.

"அப்ப மொதப் படிய நாந்தான் கெடுத்துட்டனுங்க" என்றார்.

பேராசிரியரிடம் கருகிய கம்பியையும் சொன்னேன், தொடாத மீட்டரையும் சொன்னேன். புதுக் கம்பி வந்தது. நான்காவது கரைசல் பளிங்காக நின்றது, தலைப்பு பிழைத்தது. என் நிம்மதிதான் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து குடுவை கழுவக்கூட, "இந்தத் தண்ணி ஆவுங்களா?" என்று அக்கா கேட்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு முப்பது தடவை. எழுதும்போது, எடை போடும்போது, சாப்பிடும்போது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆகும் ஆகும் என்பேன்.

இப்போது சேலத்தில் வேறோர் ஆய்வகம். தண்ணீர் மூடி முத்திரையிட்டு வருகிறது. ஆனாலும் இங்கே யாராவது பாட்டிலைத் திறந்தால் நான் மீட்டரோடு போய் நின்று, எந்தத் தண்ணீர் என்று கேட்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் நேற்றுப் பல்லைக் கடித்தாள், எனக்குக் கேட்டது. நகராமல் நின்றேன்.